காய்ந்த பெட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. காதோரம் நரைத்து, மூக்குக்கண்ணாடி ஏறி, மண் ஆய்வுக்கூடத்தில் ஒரு டஜன் பேர் ‘மேடம்’ என்று கூப்பிடும் நிலைக்கு வந்த பிறகும் அண்ணன் வாயில் அவள் பாப்பாதான். அவர் ஒரு வாக்கியம் பேசினால் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு பாப்பா ஒட்டிக்கொண்டிருக்கும். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. உலகத்தில் ஒரு ஆளாவது நம்மை நல்லவள் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார் என்பது சின்ன சுகமா என்ன?

ஒரு சனிக்கிழமை அவள் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தண்ணீர் ஊற்றினாள். அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தின் பின்னறையில் சுவரோரமாக இரும்புத் தட்டுகள், தட்டுகளில் வரிசையாக பிளாஸ்டிக் பெட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே வயலின் மண். பாதிப் பெட்டிகளில் மண்புழு உண்டு, பாதியில் இல்லை. சில சொதசொதவென்று ஈரமாக இருக்கும், சில நடுத்தரம், சில நன்றாகக் காய்ந்தவை. பெட்டியைத் தராசில் வைத்து, எவ்வளவு எடை குறைந்திருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் ஊற்றி, ஈரத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும். காய்ந்த பெட்டி காய்ந்தே இருக்க வேண்டும். அளக்கும் நாளில் மூடி போட்டு, மூடியிலுள்ள ரப்பர் அடைப்பில் ஊசி குத்தி, உள்ளே சேர்ந்த காற்றை சிரிஞ்சில் உறிஞ்சி எடுப்பார்கள்.

அந்தக் காற்றில் அவர்கள் தேடியது நைட்ரஸ் ஆக்சைடு. பள்ளிப் புத்தகத்தில் சிரிப்பூட்டும் வாயு என்று படித்திருப்போம். பூமியைச் சூடாக்கும் விஷயத்தில் கரியமில வாயுவை இதன் பக்கத்தில் நிற்க வைத்தால் கரியமில வாயு பரம சாது. உரம் போட்ட வயல் மண்ணிலிருந்து இது கண்ணுக்குத் தெரியாமல் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. மண்புழு அதைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? மண்ணின் ஈரம் மாறினால் அந்தக் கணக்கும் மாறுமா? புழுவை வளருங்கள், புழுவை வளருங்கள் என்று விவசாயிகளிடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறோமே, அது சரிதானா என்று பார்த்துவிடலாம் என்றுதான் இந்த ஆராய்ச்சியே.

மண்ணும் புழுவும் அண்ணன் வயலிலிருந்து வந்தவை. புழுக்களைப் பெயிண்ட் வாளியில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அண்ணனே கொண்டுவந்தார். பக்கத்து சீட்டுக்காரர் வாளியில் என்ன என்று கேட்டதற்கு “நம்ம பசங்க” என்று சொல்லியிருக்கிறார். சாக்கை விலக்கிக் காட்டியும் இருக்கிறார். அதன் பிறகு அவர் இறங்கும் நிறுத்தம் வரைக்கும் அந்த சீட்டு காலியாகவே வந்ததாம்.

“பத்திரமா பாத்துக்கோ பாப்பா,” என்று வாளியை அவள் கையில் கொடுத்தார். “பட்டினி போட்டுடாதே.”

அவருக்குப் புழு விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. நிலத்தை உழாதீர்கள், உழுதால் புழு வெட்டுப்படும், வளை இடியும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது என்று பல வருஷத்துக்கு முன்னால் அவரிடம் சொன்னவள் அவள்தான். படித்த தங்கை சொன்னால் அப்பீல் ஏது? அன்றைக்கே கலப்பையை விற்றுவிட்டார். பக்கத்து வயல்காரர் அவருக்கு ‘சோம்பேறி’ என்று பட்டம் கட்டினார். முதல் இரண்டு போகம் விளைச்சல் பல்லை இளித்தது. அண்ணி வாய்விட்டுப் புலம்பினாள். அண்ணன் அசையவில்லை. மெல்ல மெல்ல மண் இளகியது. எல்லோர் வயலிலும் மழை வழிந்தோடும்போது அவர் வயலில் மட்டும் உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்தெடுத்து, அதிலுள்ள ஓட்டைகளைக் காட்டுவார். பேரன் பேத்தி போட்டோ காட்டுகிறவர்களிடமாவது தப்பித்துவிடலாம், அவரிடம் முடியாது.

அந்தச் சனிக்கிழமை பின்னறையில் அவள் தனியாக இருந்தாள். காய்ந்த பெட்டிகளில் புழு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பெட்டியின் மூலையை ஸ்பூனால் மெல்லக் கிளறினாள். உள்ளே ஒரு புழு தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு, வெளுத்துப்போய், சுருண்டு கிடந்தது. இது அவள் அறியாததில்லை. ஈரம் போனால் மண்புழு இப்படித்தான் சுருண்டு தூங்கும், ஈரம் வந்தால் எழுந்துகொள்ளும் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து பாடம் எடுப்பவளே அவள்தான். ஆனால் பாடம் எடுக்கும்போது பட்டினி போட்டுடாதே என்று யாரும் காதில் சொல்வதில்லையே. மனசு கேட்கவில்லை. டீ குடிக்கிற டம்ளரை எடுத்துக் குழாயில் பிடித்தாள். புழு இருந்த காய்ந்த பெட்டிகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு டம்ளர். ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைய என்கிற ஓரவஞ்சனை கிடையாது. புழு இல்லாத காய்ந்த பெட்டிகளுக்கு ஊற்றவில்லை. வெறும் மண்ணுக்கு யார் பாவப்படுவார்கள்?

வாசனை கிளம்பியது. புது மழை விழுந்த மாதிரி. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சந்தோஷமாகவே வீட்டுக்குப் போனாள்.

காற்றை அளக்கும் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு ஆய்வுக்கூடத்தில் ‘சிரிப்பு’ என்று பெயர். நாள் முழுக்கச் சிரிப்பு வாயுவை அளக்கிறார், ஆனால் சிரித்து யாரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை மத்தியானம் அவர் திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“மேடம், காய்ஞ்ச பெட்டியில புழு இருக்கிறதெல்லாம் எகிறி நிக்குது. புழு இல்லாதது அப்படியே படுத்துக் கெடக்குது. தண்ணி சரியாத்தானே வெச்சீங்க?”

அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் பட்டால், அதுவரை தூங்கிய நுண்ணுயிர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு கிடைத்ததைத் தின்று வாயுவாக வெளியே தள்ளும். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரே பொங்கல். அதில் புழுவின் பங்கு எவ்வளவு, தண்ணீரின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆண்டவனாலும் இனி பிரிக்க முடியாது. புழு இல்லாத பெட்டிகளுக்கும் ஊற்றியிருந்தாலாவது ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதைத்தான் அவள் ஊற்றவில்லையே.

“சரியாத்தான் வெச்சேன்,” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? பிறகு அதைப் பற்றி யோசித்து யோசித்து மாய்ந்துபோனாள். வேலை போய்விடும் என்ற பயமெல்லாம் இல்லை. வெட்கம். மண்புழுவுக்குப் பாவப்பட்டு ஆராய்ச்சியைக் கெடுத்தேன் என்று இந்த வயதில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அடுத்த அளவில் எல்லாம் இறங்கிவிடும், இந்த ஒரு நாளை எடுத்துப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு. தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டியவளும் அவள், சரிபார்க்க வேண்டியவளும் அவள். கேட்பதற்கு ஆளே இல்லாத இடத்தில் பொய் எவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது!

அடுத்த அளவில் இறங்கத்தான் செய்தது. ஆனால் அதற்குள் துறைத் தலைவர் வந்து திரையைப் பார்த்துவிட்டார். நல்ல மனிதர், சாப்பிடும் நேரம்கூடத் தெரியாத வேலைப்பித்து. ஆனால் அவசரக்குடுக்கை.

“ஒரு பெட்டி எகிறியிருந்தா தப்புன்னு விட்டுடலாம்மா,” என்று மேசையைத் தட்டினார். “எல்லாப் பெட்டியும் சொல்லி வெச்ச மாதிரி ஒண்ணு போல எகிறியிருக்கே! ஈர நிலத்துலதான் புழு இந்த வாயுவைக் கூட்டும்னு நெனைச்சோம். காய்ஞ்ச நிலத்துலயும் கூட்டுதுன்னா பெரிய விஷயம்மா இது!”

ஒண்ணு போலத்தான் எகிறும். ஆளுக்கு ஒரு டம்ளர், சொட்டு பிசகாமல் ஊற்றினாளே. அவளுடைய நேர்மையே அவள் பொய்க்கு சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது. வாயைத் திறந்தாள். “சார், இன்னும் ஒரு தடவை செஞ்சு பாத்துட்டு...” என்றாள். “கண்டிப்பா செய்வோம், கண்டிப்பா செய்வோம்,” என்றபடி அவர் போய்விட்டார்.

விவசாயிகள் சங்கக் கூட்டம் அந்த வாரமே வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சென்று கத்தும் மைக், பின்னால் டீ கேன். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், சலவைச் சட்டையோடு. தன் வயல் புழு மேடையேறுகிற நாள் அல்லவா? துறைத் தலைவர் படம் போட்டுக் காட்டினார். இது முதல் கட்ட முடிவுதான் என்று ஆரம்பத்தில் ஒரு தடவை சொன்னார். அதை யார் காதில் வாங்கினார்கள்? காய்ந்த நிலத்தில் புழு பெருகினால் பூமியைச் சூடாக்கும் வாயுவும் பெருகலாம், உழாமல் விடுவதைப் பற்றி நாம் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கலாம் என்று அவர் சொன்னதுதான் எல்லோர் காதிலும் விழுந்தது.

பக்கத்து வயல்காரர் எழுந்தார். இந்த ஒரு வாய்ப்புக்காக அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்.

“அப்போ நம்ம சோம்பேறி சும்மா உக்காந்துக்கிட்டேதான் உலகத்தையே சூடாக்கிக்கிட்டு இருந்தாரா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி, கடைசி வரிசையில் இருந்த தங்கையைத் தேடினார். அவள் குனிந்து கைப்பையில் எதையோ தேடினாள். பையில் தேடுவதற்கு ஒன்றுமில்லை. அவர் திரும்பிக்கொள்ளும் வரை சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து போன் வந்தது.

“பாப்பா, உங்க சார் சொன்னது நெஜமா?”

அவள் அடுப்பை அணைத்தாள். இதோ சொல்லிவிடலாம். நான்தான் தண்ணீர் ஊற்றினேன் அண்ணா, அது புழு செய்த வேலை இல்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அண்ணன் திட்டக்கூட மாட்டார். ஆனால் துறைத் தலைவரிடம் சொல்வதற்கு முன்னால் வெளி ஆளிடம் சொல்வது முறையா என்று அவள் மனசு ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. அண்ணன் எப்போது வெளி ஆள் ஆனார்?

“பாப்பா? கேக்குதா?”

“ம். ஆராய்ச்சியில அப்படித்தாண்ணா வந்திருக்கு.”

“நெஜமாத்தான் வந்திருக்கா? நீயே பாத்தியா?”

“பாத்தேண்ணா.”

“சரி பாப்பா. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்,” என்று அண்ணன் போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை, அடித்துப் பெய்யாமல் நின்று நிதானமாக மண்ணில் இறங்குகிற மழை. வேறு நாளாக இருந்தால் அண்ணன் வயலை நினைத்துச் சந்தோஷப்பட்டிருப்பாள்.

காலையில் முதல் வேலையாகத் துறைத் தலைவரின் அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. டம்ளரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். இயந்திரத்துக்காரர் கேட்டபோது பொய் சொன்னதையும் சொன்னாள். அவர் முகம் மாறிக்கொண்டே போனது.

“ஒரு டம்ளர் தண்ணியில என் மானத்தையே முக்கி எடுத்துட்டியேம்மா!” என்று கத்தினார். கதவருகே ‘சிரிப்பு’ வந்து நின்றதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “எத்தனை பேர் முன்னாடி பேசினேன் தெரியுமா? அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு வாரத்து வேலைதானே வீணாப் போயிருக்கும்.”

“தெரியும் சார்.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எனக்கும் புத்தி இல்ல. பொறுத்துப் பாத்திருக்கணும். சங்கத்துக்கு நானே பேசறேன். பெட்டியெல்லாம் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். மறுபடியும் மண்ணு வேணும், புழு வேணும். உங்க அண்ணன்கிட்டயே கேளு.”

அண்ணன் பெயரைக் கேட்டதும்தான் அவளுக்கு உயிர் வந்தது. இனி சாக்கு இல்லை. போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். பிறகு நேரிலேயே போய்ச் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினாள். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி அடுக்கிக் கலைத்தாள். அண்ணன் சிரிப்பார் என்று தோன்றியது. அட லூசு, அதுக்குப் போயா இப்படி முகத்தை வெச்சிருக்கே என்பார். புழுவுக்குத் தண்ணி வெச்சியா, நல்லதுதானே பண்ணியிருக்கே பாப்பா என்பார். அதை நினைத்ததும் ஜன்னலோரத்தில் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே டிராக்டர் சத்தம் கேட்டது.

வீட்டு வாசலில் அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “விடிஞ்சதும் ஆரம்பிச்சிட்டாரு,” என்றாள். “இன்னொரு வாட்டி பாப்பாவைக் கேட்டுட்டுச் செய்யுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நேத்தே கேட்டாச்சுங்கறாரு. டிராக்டரும் கலப்பையும் பக்கத்து வயல்காரரோடது. அவரே ஓட்டறாரு. அவருக்குச் சந்தோஷம் பிடிபடல.”

அவள் ஓடினாள். செருப்பு சேற்றில் மாட்டியது, கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

வயலில் பாதிக்கு மேல் கறுப்பாகப் புரண்டு கிடந்தது. டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள். இத்தனை கொக்குகளை அவள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. காக்கைகளும் வந்திருந்தன. அவை சண்டைகூடப் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவு தாராளம். மழை பெய்யாமல் இருந்திருந்தால் புழுக்கள் ஆழத்தில் சுருண்டு தூங்கியிருக்கும், கலப்பை மேலோடு போயிருக்கும். நேற்று ராத்திரி ஈரம் இறங்கியதும் எல்லாம் விழித்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டன. அவள் காலடியில் புரண்ட மண்ணில் அரையும் முக்காலுமாக நெளிந்துகொண்டிருந்தன. கால் வைக்க இடமில்லாமல் நின்றாள்.

அண்ணன் ஓரத்தில் கை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். உழுத பக்கம் பார்க்காமல் உழாத பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டியா பாப்பா,” என்றார். “நேத்து ராத்திரி முழுக்க எனக்கு மனசே சரியில்ல. நம்ம நெலத்துல இருந்து இப்படி ஒரு கெடுதல் கெளம்பிப் போகுதுன்னு தெரிஞ்சும் எப்படிச் சும்மா இருக்கறது? இத்தனை வருஷம் தெரியாமச் செஞ்சது போகட்டும். அதுவும் இல்லாம, உனக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு. ஊருக்கெல்லாம் சொல்றே, உங்க அண்ணன் வயல்லயே புழு நெளியுதேன்னு நாளைக்கு எவனாவது கேட்டுட்டா? மழை வேற பேஞ்சு மண்ணு பதமா இருந்துச்சு. அதான் உடனே...”

“நிறுத்தச் சொல்லுங்கண்ணா.”

“என்ன?”

“டிராக்டரை நிறுத்தச் சொல்லுங்க!”

அவள் கத்தியதில் அண்ணன் பதறிப்போய்க் கையை ஆட்டினார். டிராக்டர் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் கொக்குகள் நடக்கும் சத்தம்கூடக் கேட்டது. பஸ்ஸில் அடுக்கிய வார்த்தை ஒன்றுகூட நினைவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். பெட்டியைச் சொன்னாள், சுருண்டு கிடந்த புழுவைச் சொன்னாள், டம்ளரைச் சொன்னாள். அது புழு விட்ட வாயு இல்லை, நான் ஊற்றிய தண்ணீர் கிளப்பிவிட்ட வாயு என்றாள். இந்த வயலைப் பற்றி நேற்று சொன்னதற்கு ஆதாரமே இல்லை என்றாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அதுவும் முடியவில்லை.

அண்ணன் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“எதுக்குத் தண்ணி ஊத்தினே?”

“பாவமா இருந்துச்சுண்ணா. காஞ்சு கெடந்துச்சு. நீங்க குடுத்தது. பட்டினி போடாதேன்னு சொன்னீங்க.”

“அப்போ இது என்னிக்கு நடந்தது?”

“போன சனிக்கிழமை.”

“நேத்து நான் போன் பண்ணினப்பவே உனக்குத் தெரியும்.”

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

“என்னப்பா, ஓட்டவா வேணாமா?” என்று டிராக்டரிலிருந்து பக்கத்து வயல்காரர் கத்தினார். அண்ணன் குனிந்தார். காலடியில் முழுசாக இருந்த ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நாலடி நடந்து போய், உழாத மண்ணை விரலால் தோண்டி, அதை உள்ளே விட்டு மூடினார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது அவர் முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

“அது உன்னைக் கேக்கக்கூட இல்ல, அதுக்கு நீயா தண்ணி ஊத்தினே,” என்றார். “நான் வாய் விட்டுக் கேட்டேனே.”

அந்தப் பேச்சின் முடிவில் எப்போதும் வருகிற அந்த ஒரு வார்த்தைக்காக அவள் நின்றுகொண்டே இருந்தாள். அது வரவில்லை.